சுலோசனா குடியிருந்த தெரு

காலையில் வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. மஞ்சக்குப்பத்தில் சுலோசனாவின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். "டீச்சர் போய்ட்டாங்கம்மா" என்றாள். "எங்க போய்ட்டா?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கே கிளம்பிவிட்டாள் என்று அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் அழுதாள். அதற்குப் பிறகும் நான் வாசலுக்கு வந்து, கீரையை வாங்கி, கட்டு சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கீரையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் சரித்திரம் படித்த பெண்கள். நீங்கள்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் யாரும் சரித்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. மேல்படிப்புக்காகச் சிதம்பரம் போனபோது, ஹாஸ்டலில் இடமில்லை என்று கைவிரித்தபோது, எந்தத் தெருவில் அறை எடுப்பது என்று டீச்சரிடம் வந்து கேட்டதைத்தான் பேசினீர்கள். "வாடகைய கடைசியா கேளு. மொதல்ல வெளக்கு வெச்சப்புறம் அந்தத் தெருவுல போயி நில்லு. பொம்பளைங்க கடைக்கு வர்றாங்களான்னு பாரு. ஆம்பளைங்க மட்டும் வர்ற தெரு, சும்மாவே குடுத்தாலும் நமக்கு வேணாம்" என்று ஒருத்தி அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "கடைக்காரரு உன்ன ஒரு தடவ நிமிந்து பாத்தா நல்லது. பாத்துக்கிட்டே இருந்தா திரும்பி வந்துடு" என்றாள் இன்னொருத்தி. சுலோசனாவை நடுக்கூடத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு நாம் எல்லாரும் சிரித்தோம்.

ஒவ்வொருத்தியையும் அனுப்பும்போது கடைசியாக ஒன்று சொல்வாளே, அதையும் உங்களில் ஒருத்தி சொன்னாள். "பொய் சொன்னாத்தான் கெடைக்கும்னா, அரமனையா இருந்தாலும் அந்த வீடு வேணாம்." டீச்சருக்குப் பொய் என்றாலே ஆகாது என்று பெருமையாக ஒரு குரல் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் டீச்சர் வீட்டுக்காக ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்க்குப் பெயர் வைத்தவள் நான். "நான் இருக்கறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. போனப்புறம் உன் இஷ்டம்" என்று அவளே சொல்லியிருந்ததால் இப்போது எழுதுகிறேன்.

அறுபத்திரண்டில் நாங்கள் சிதம்பரத்தில் எம்.ஏ. சேர்ந்தோம். நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தேன். சுலோசனா குறிஞ்சிப்பாடி; ஹாஸ்டலில் அவளுக்கும் இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்து, ரயில் பிடித்து, மழைக்காலத்தில் நேரத்துக்கு வகுப்புக்கு வருவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. எங்கள் வீட்டில் தங்க வைக்கலாம் என்றால், அத்தை குடும்பமும் எங்களோடுதான் இருந்தது. படுப்பதற்கே முறை வைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை. படிக்க வைத்தவர் தாய்மாமன். நல்லவர்தான், ஆனால் ஊருக்குப் பயந்தவர். "படி, வேணாங்கல. ஒரு பேச்சு வந்துச்சின்னா அன்னையோட வீட்டுக்கு வந்துடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதனால் நல்ல தெருவாகப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு வசதிக்காக அல்ல. தெரு சரியில்லை என்றால் படிப்பே போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீடு தேடினோம். பல்கலைக்கழகத்தை ஒட்டி இருந்த அறைகளில் எல்லாம் பையன்கள். ஸ்டேஷன் பக்கம் வாடகை குறைவு. ஆனால் அங்கே நின்றிருந்த நேரத்திலேயே எங்களைப் பார்த்துச் சீட்டி அடித்தார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகளில் வீடுகள் லட்சணமாக இருந்தன. கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கூட யாரு?" யாருமில்லை என்றதும் முகம் மாறியது. மேல வீதியில் ஒரு பெரியவர் எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, வயசுப் பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அறிவுரையும் கொடுத்தார். அறையை மட்டும் கொடுக்கவில்லை.

கால் கடுத்துப் போய் தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தெருவில் நுழைந்தோம். அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கடையில் பெண்கள் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண்கள் தெருவில் பாண்டி ஆடினார்கள். ஒரு அம்மாள், "யாரு வூட்டுக்கும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். சுலோசனா என் கையைக் கிள்ளினாள். "கேக்கறாங்க பாரு. இப்படிக் கேக்கற தெருதான் வேணும்" என்றாள். அறை ஒன்று காலியாக இருப்பதாகவும் அந்த அம்மாளே சொன்னாள். ஆனால் குடும்பமாக இருந்தால்தான் கொடுப்பார்களாம்.

சுலோசனா திரும்பி நடந்தாள். வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நேராகக் கோயில் வாசல் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் கயிறும் அதில் கட்ட விரலி மஞ்சளும் வாங்கினாள். "ஏண்டி, மாப்பிள்ளை யாரு?" என்றேன். அதையும் வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். "சிங்கப்பூர்னு சொன்னா பணம் இருக்குன்னு வாடகைய ஜாஸ்தி கேப்பாங்க. வாத்தியார்னு சொன்னா லீவுக்கு ஏன் வரலன்னு கேப்பாங்க. பட்டாளம்னு சொல்லிடுவோம். வரவும் மாட்டாரு, வாடகையும் கொறைப்பாங்க." எங்கே இருக்கிறார் என்று சொல்வாய் என்று கேட்டேன். "தூரமா இருக்கணும். அஸ்ஸாம்."

வீட்டுக்காரி பெயர் தையல்நாயகி. எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் கணவருக்கு ரயில்வேயில் வேலை, வீட்டில் வாயே திறக்காத மனிதர். தையல்நாயகி அக்கா சுலோசனாவை மேலும் கீழும் பார்த்தாள். "மெட்டி எங்கம்மா?" என்றாள். நாங்கள் மெட்டியை மறந்தே போயிருந்தோம். ரயிலில் கழன்று விழுந்துவிட்டது என்றாள் சுலோசனா. "வீட்டுக்காரரு பேரு?" என்று அடுத்த கேள்வி. கட்டியவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. சுலோசனா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். எதிர் வீட்டுச் சுவரில் ஏதோ தேர்தலுக்கு எழுதிய பெயர் பாதி அழிந்து இருந்தது. "ராஜமாணிக்கம்" என்று படித்தேன். மறுவாரம் நான் போனபோது சுலோசனாவின் காலில் மெட்டி இருந்தது. அக்கா வாங்கிப் போட்டிருந்தாள்.

அந்தத் தெரு அவளை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். நூலகத்திலிருந்து அவள் திரும்பும்வரை எண்ணெய்க் கடைக்காரர் கடையை மூட மாட்டார். ஒருமுறை சைக்கிளில் ஒருவன் அவள் பின்னாலேயே வந்துவிட்டான். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஊர், அப்பா யார், அக்கா தங்கை எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அடிக்கவே இல்லை. அவன் பதில் சொல்லிச் சொல்லி அழுதுவிட்டான். "பட்டாளத்துக்காரரு பொண்டாட்டி பின்னாடியா வர்ற?" என்று அக்கா கேட்டதைச் சுலோசனா எனக்கு நடித்தே காட்டினாள். பிறகு முகம் மாறிவிட்டது. "இந்தக் கயித்துக்குத்தான் இவ்ளோ மரியாதன்னு நெனச்சா ஆத்திரமா வருது பத்மா. ஆனா நிம்மதியா படிக்கறேன், அதையும் சொல்லணும்" என்றாள். ஊருக்குப் போகிற சனிக்கிழமைகளில் பஸ் ஏறியதும் கயிற்றையும் மெட்டியையும் கழற்றி முடிந்து வைத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது இறங்குவதற்கு முன் போட்டுக்கொள்வாள்.

அக்டோபரில் சீனாவோடு சண்டை வந்தது. எத்தனையோ ஊர் இருக்க, அவள் அஸ்ஸாம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

வைகாசியில் கல்யாணம் ஆனதாகச் சொல்லியிருந்ததால் அது அவளுக்குத் தலைதீபாவளி. ராஜமாணிக்கம் தம்பிக்கு லீவு கிடைக்காது, நாமாவது செய்வோம் என்று அக்கா புடவைகூட எடுத்து வைத்திருந்தாளாம். அந்த வருஷம் சண்டை ஆரம்பித்த சில நாட்களிலேயே தீபாவளி வந்தது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. தெருவே பட்டாசை அடக்கி வாசித்தது. சாயங்காலம் பூங்காவில் ரேடியோ கேட்டுவிட்டு வரும் ஆண்கள் நேராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்து செய்தி சொல்வார்கள், தாழ்ந்த குரலில், சுலோசனாவைப் பார்க்காமல். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனை செய்தாள். பெயர் இருக்கிறது, நட்சத்திரம் வேண்டுமே. சுலோசனா செத்துப்போன தன் அப்பாவின் நட்சத்திரத்தைச் சொன்னாள். "வேற எதுவும் வாயில வரல" என்று என்னிடம் சொன்னாள்.

அக்கா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால் பசியில்லை என்பாள். சண்டை நின்றதும், அவளைச் சாப்பிட வைப்பதற்காகவே, கடுதாசி வந்ததென்றும் அவர் நன்றாக இருக்கிறார் என்றும் சுலோசனா சொன்னாள். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அவளும் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். அக்காவும் அவள் கணவரும் காலையிலேயே எங்கோ கிளம்பிப் போயிருந்தார்கள். திரும்பி வந்த அக்கா, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் பிரசாதம். சுலோசனாவின் நெற்றியில் குங்குமம் இடக் குனிந்தபோது முந்தானை நழுவியது. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். தையல்நாயகி அக்காவின் முடியைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. அந்தத் தெருவில் அதற்குப் பேர் உண்டு. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொண்டை போடுவாள்.

"என்னக்கா இது?" என்றாள் சுலோசனா.

"வேண்டிக்கிட்டிருந்தேன் கண்ணு. அந்தத் தம்பி உசுரோட இருக்கறதா சேதி வந்தா முடி குடுக்கறேன்னு. மலைக்குப் போவ வசதி இல்ல. திருவந்திபுரத்துலயே குடுத்துட்டேன், எல்லாம் ஒரே பெருமாளுதான?"

"எனக்காகவா?"

"ஒனக்குன்னு என்ன, எனக்குன்னு என்ன. மசுரு தான, வளந்துட்டுப் போவுது. நீ பூவும் பொட்டுமா இருக்கணும், அவ்ளோதான் கேட்டேன்."

சுலோசனா எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினாள். கிணற்றடியில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். அக்கா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோசத்துல சில பேருக்கு இப்படித்தான் பொரட்டும்" என்று என்னிடம் சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொன்னால் அறை போகும். தெரு முழுக்கப் பேச்சாகும். அந்தப் பேச்சு குறிஞ்சிப்பாடி போய்ச் சேர ஒரு பஸ் போதும். ஆனால் சுலோசனாவை அடைத்தது அதுமட்டுமில்லை. "உங்க முடி ஒண்ணுமில்லாததுக்குப் போச்சுக்கான்னு எப்பிடிடி சொல்வேன்?" என்று கேட்டாள். அக்கம்பக்கத்தில் சிலர் அக்காவைக் கேலி செய்தார்கள், யாரோ ஒருத்திக்காக முடியைக் கொடுத்தாளே என்று. "என் வூட்டுல இருக்கறவ யாரோ ஒருத்தியா?" என்று அக்கா திருப்பிக் கேட்டுவிட்டாளாம். அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சுலோசனா கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் அக்கா கண்ணில் படும்படி தலை வாரிக்கொள்ளவே இல்லை.

பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடுவதென்று முடிவு. அறுபத்துநாலில் பரீட்சையும் முடிந்தது. அறையைக் காலி செய்கிற அன்று அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டு, "கொழந்த பொறந்தா மொதல்ல இங்கதான் கொண்டாரணும்" என்று கன்னத்தைத் தடவினாள். சுலோசனா "சரிக்கா" என்றாள். நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

பிறகு கடலூரில் ஒரே பள்ளியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. நீங்கள் அறிந்த சுலோசனா டீச்சர் அங்கிருந்து ஆரம்பிக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். வந்த வரன்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் முதன்முதலாகத் தனியாக வீடு பார்த்தபோது, கதவைத் திறந்தவரிடம் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "எனக்குக் கல்யாணம் ஆகல, தனியாத்தான் இருப்பேன்." பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அவள் அதையே அடுத்த வீட்டிலும் சொன்னாள்.

அறுபத்தேழில் ஒருநாள், "இன்னைக்குப் போயி சொல்லிட்டு வந்துடறேன், கூட வா" என்றாள். ரயிலில் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். தெருமுனையில், எண்ணெய்க் கடை ஓரம் வந்ததும் நின்றுவிட்டாள். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முடி முதுகை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை.

"வளந்துடுச்சி பத்மா" என்றாள் சுலோசனா.

"சரி, வா. போயி சொல்லு."

"வளந்துடுச்சே. இப்பப் போயி சொன்னா, மறுபடியும் எடுத்த மாதிரி ஆயிடும்."

திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சிதம்பரத்தில் இறங்கவே இல்லை. உங்களை எல்லாம் அனுப்பினாள். எந்தத் தெரு, எந்த முனை, எந்தக் கடை என்று நேற்றுப் பார்த்துவிட்டு வந்ததுபோலச் சொன்னாள். அவள் மட்டும் போகவில்லை. அங்கிருந்து கல்யாண அழைப்பு வந்தால், பணத்தை என்னிடம் கொடுத்தனுப்புவாள். ரயில் அந்த வழியாகப் போனால் சன்னலை மூடிக்கொள்வாள். வருத்தம் அவளைத் தின்றது என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகச் சிரித்தாள். ஆனால் அந்த ஒன்று கடைசிவரை அவளிடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா இருந்தா நீ போயி சொல்லிடுறியா?" என்று கேட்டாள். நான் சரி என்றேன். "மன்னிப்பெல்லாம் கேக்காத. அது ரொம்பச் சின்னது. நடந்தத மட்டும் சொல்லு."

காரியம் எல்லாம் முடிந்தபின் போனேன். எண்ணெய்க் கடை இருந்த இடத்தில் டெலிபோன் பூத் வந்துவிட்டது. வீடு அப்படியே இருந்தது. தையல்நாயகி அக்காவும் இருந்தாள். எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பாள். கணவர் போய்ப் பல வருஷமாகிவிட்டதாம். கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டு, "ரயில்ல வருமே, அந்தப் பொண்ணா?" என்றாள். என் கையைத் தடவிப் பார்த்தாள். "அது எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

சுலோசனா போய்விட்டாள் என்று சொன்னேன். அக்கா சத்தமில்லாமல் அழுதாள். நான் காத்திருந்தேன். பிறகு, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இரும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பூவும் பொட்டுமா போச்சா?"

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் என் வாய்க்குள் இருந்தன. அந்த முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க்கா. பூவும் பொட்டுமாத்தான் போனா."

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "பெருமாளு என்னைய ஏமாத்தல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தத் தம்பி தனியா இருக்குதா? ஆம்பள தனியா என்ன பண்ணும், பாவம். அந்த ரூமு காலியாத்தான் கெடக்குது. இங்க வந்து இருக்கச் சொல்லும்மா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சுலோசனாவின் புத்தகங்களை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள்தான். புடவைகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. என் பங்குக்கு ராஜமாணிக்கம் வந்து சேர்ந்திருக்கிறார். தையல்நாயகி அக்கா இருக்கும்வரை அவரை உயிரோடு வைத்திருக்கிற வேலை இனிமேல் என்னுடையது.